ஐந்து காசு என்றால் ஒருமா

மலேசியாவில் ரொக்கமாகப் பொருள் வாங்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒருமாக் கணக்கில்தான் பணம் கொடுக்கிறார். 2008 ஏப்ரல் 1 முதல் கடைப் பட்டியலின் மொத்தத் தொகை ஐந்து காசுக்கு வட்டமாக்கப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் பூச்சியத்துக்கு இறங்கும். 3, 4 ஐந்துக்கு ஏறும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 பத்துக்கு ஏறும். ஐந்து காசு ஒரு வெள்ளியில் (ரிங்கிட்டில்) இருபதில் ஒரு பங்கு. தமிழில் அந்தப் பங்குக்கு ஒருமா என்று தனிப்பெயர் உண்டு. பத்துக் காசு இருமா, இருபது காசு நாலுமா. கால் வெள்ளிக்கு நாணயம் கிடையாது. நாலுமாவையும் ஒருமாவையும் சேர்த்தால்தான் கால் வரும். பினாங்கு பசாரில் மீன் வாங்கிவிட்டுச் சில்லறை எண்ணும் கை, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியின் ஒரு கிளையைத்தான் எண்ணுகிறது.

ஒவ்வொரு சமூகமும் தன் வேலைக்கேற்ப எண்ணையும் அளவையும் எப்படி வடித்துக்கொண்டது என்று ஆராயும் துறையைப் பண்பாட்டுக் கணிதம் எனலாம். பிரேசில் நாட்டுக் கணிதர் உபிரதான் டி'அம்புரோசியோ 1984-இல் அடிலெய்டில் நடந்த உலகக் கணிதக் கல்வி மாநாட்டில் பேசியபின் அது பரவலாக அறியப்பட்டது. மறு ஆண்டே அதே நாட்டின் ரெசிஃபெ நகரில் தெருவோரம் விற்கும் ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களைத் தாளில் வெறும் பெருக்கலாகவும் கழித்தலாகவும் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. பத்துத் தேங்காய்க்கு விலை சொல்ல ஒரு சிறுவன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று காயின் விலை அவனுக்கு மனப்பாடம். மூன்று மூன்றாகக் கூட்டி, கடைசியில் ஒரு காயைச் சேர்த்துவிட்டான். பள்ளிக்கூடம் அதைச் சுற்றுவழி என்று சொல்லும். நம் கீரைக்காரர்களும் அப்படித்தான் கூட்டுகிறார்கள்.

இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் நேராகப் பெருமைக்குப் போய்விடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. ஒரு கணக்கு முறை, பிறந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஊர் மாறும்போது அது எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் கிழிகிறது? பல கணக்குகள் ஒரே தெருவில் புழங்கிய பினாங்கு இதைச் சோதிக்கத் தோதான ஊர்.

தமிழ்ப் பின்னத்தில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும்: அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி, அதையே வீசம் என்றும் சொல்வார்கள், பிறகு அரைவீசம், அறுபத்துநாலில் ஒன்றான கால்வீசம். தராசுக்கும் படிக்கும் ஏற்ற கிளை இது; எதையும் இரண்டு சமபங்காகப் பிரிக்க ஒரு கோலும் இரண்டு தட்டும் போதும். மற்றது இருபதில் தொடங்கும்: நாலுமா, இருமா, ஒருமா, அரைமா, எண்பதில் ஒன்றான காணி, அரைக்காணி, கடைசியில் 320-இல் ஒன்றான முந்திரி. ஏன் 320? 64-ஆலும் 5-ஆலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான். இரண்டு கிளைகளும் முந்திரியில் கைகோக்கின்றன. கால்வீசம் ஐந்து முந்திரி, காணி நான்கு முந்திரி. இதற்கும் கீழே போகவேண்டுமானால் முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 1/102400; அது கீழ்முந்திரி.

பினாங்குத் தெருவிலும் கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் வட்டித்தொழில் நடத்தும் கூடமான கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் வட்டியை ஆண்டு விழுக்காட்டில் பேசவில்லை. நூற்றுக்கு மாதம் இவ்வளவு என்பதே பேச்சு. ‘ஒன்றேகால் வட்டி’ என்றால் இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 15 விழுக்காடு. 2,350 வெள்ளிக்கு ஒரு மாத வட்டியை எண்சுவடி வழியில் இப்படிப் போடலாம். நூறுகள் இருபத்துமூன்றரை. ஒன்றுக்கு அது அப்படியே இருபத்துமூன்றரை. காலுக்கு: இருபதுக்கு ஐந்து, மூன்றுக்கு முக்கால், அரைக்கு அரைக்கால். கூட்டினால் இருபத்தொன்பதே காலே அரைக்கால், அதாவது 29 வெள்ளி 37½ காசு. எழுத்துக்கோல் இல்லாமல் பேச்சுவாக்கிலேயே விடை வந்துவிடுகிறது. பின்னங்களைப் பெருக்கும் வாய்பாடு மனத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் கடல் தாண்டும்போது வரும். இந்திய ரூபாய் 1957 வரை பதினாறு அணா. மாகாணி என்றால் சரியாக ஓரணா, அரைக்கால் இரண்டணா. பாதிக் கிளைக்கும் ரூபாய்க்கும் நல்ல பொருத்தம். ஆனால் ஒருமா? முக்காலே அரைக்கால் அணாவுக்கும் குறைவான இரண்டுங்கெட்டான் தொகை, 0.8 அணா. மலாயாவின் வெள்ளி நூறு காசு. இங்கே ஒருமா சுத்தமான ஐந்து காசு, காணி ஒன்றேகால் காசு. மாகாணியோ ஆறேகால் காசு என்று பல்லிளிக்கும். ஒரே எண்சுவடி, ஊரில் அதன் ஒரு கிளைக்கு மவுசு, பினாங்கில் மறுகிளைக்கு. இரண்டு நாணயத்திலும் பேரேடு வைத்த கணக்கப்பிள்ளைக்கு இரண்டு கிளையும் வேண்டியிருந்தது.

இந்த அமைப்பில் ஓர் ஓட்டையும் உண்டு. மூன்றில் ஒன்றுக்குப் பெயரே இல்லை. 320-ஐ மூன்றால் வகுக்க முடியாது. 106 முந்திரி போக மீதி நிற்கும். கால், மாகாணி, கால்வீசம், முந்திரி எல்லாவற்றையும் கூட்டினாலும் மூன்றில் ஒன்றுக்கு முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு குறையும். கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் அதே கதை, குறை மட்டும் சிறுக்கும். முப்பது நாள் மாதத்தில் பத்து நாள் வட்டி கேட்டால் இந்த ஓட்டை தெரியும். மலாயாவில் அது வேறொரு வாசலிலும் வந்து நின்றது. பசாரின் எடையான கட்டி (மலாயில் காத்தி) ஒன்றே மூன்றில் ஒரு பவுண்டு.

கட்டிக்குப் பதினாறு தாஹில். கட்டி சுமார் 604.8 கிராம், தாஹில் 37.8 கிராம், நூறு கட்டி ஒரு பிக்குல். 1972 சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவு வந்தாலும் ‘கட்டி என்ன விலை’ என்ற பேச்சு பசாரில் ஓயவில்லை. 600 கிராம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பிழை நூற்றுக்கு முக்காலுக்குச் சற்று மேல். மீனுக்கு அது ஒன்றுமில்லை. அதிலிருக்கும் தண்ணீரே அதைவிட அதிகம் கனக்கும். உண்ணும் பறவைக்கூட்டுக்கும் தங்கத்துக்கும் அப்படி விட முடியாது.

பதினாறை எப்படிக் கையாள்வது என்பதில்தான் சீனக் கடைக்காரரும் தமிழ்க் கணக்கப்பிள்ளையும் பிரிகிறார்கள். சீன மணிச்சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி. மேல் மணி ஒவ்வொன்றும் ஐந்து. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கம்பி 15 வரை தாங்கும். பத்தடிமானக் கணக்குக்கு ஒன்பது போதுமே, எதற்கு இவ்வளவு? தாஹில் கம்பியில் பதினைந்து வரை ஏற்றிவிட்டு, பதினாறாவதில் கம்பியைத் துடைத்துக் கட்டிக் கம்பியில் ஒன்றைத் தள்ளலாம். அதற்கு இந்த அமைப்பு தோது. பதினாறை விட்டுப் பத்தடிமானத்தை மட்டும் வைத்துக்கொண்ட ஜப்பானியர் மேலே ஒன்று, கீழே நான்கு என்று மணிகளைக் குறைத்துவிட்டார்கள்.

கட்டி விலையிலிருந்து தாஹில் விலைக்குப் போகச் சீனர் வேறொரு பாட்டு வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு 625, இரண்டுக்கு 125, மூன்றுக்கு 1875 என்று பதினைந்து வரை போகும் வாய்பாடு அது. பதினாறில் ஒன்று 0.0625, பதினாறில் இரண்டு 0.125 என்பதைத்தான் அது ராகம் போட்டுச் சொல்கிறது. தசமத்தில் கணக்குப் போடுகிறவருக்கு இந்தப் பாட்டு தேவை. தமிழருக்கோ பதினாறில் மூன்று என்பது மும்மாகாணி. பெயரே விடை, மாற்றவேண்டிய வேலை இல்லை. இதில் எது மேல் என்று கேட்பதில் அர்த்தமில்லை. மாகாணிக்காரருக்குப் பெயர்களின் பெருக்கல் வாய்பாடு பெரும் சுமை. மணிச்சட்டக்காரருக்குப் பதினைந்து வரி போதும், மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும்.

தங்கத்துக்கு மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மரத்தின் விதையை எடைக்கல்லாக எடுத்தார்கள். நாம் மஞ்சாடி என்பதை அவர்கள் சாகா என்பார்கள். தமிழில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மலாய் வழக்கில் பன்னிரண்டு சாகா ஒரு மாயம், பதினாறு மாயம் ஒரு புங்கால். மலாக்கா நீரிணை வட்டாரத்தில் புங்கால் இரண்டு ஸ்பானிய வெள்ளியின் எடைக்கு நிறுத்தப்பட்டது, 832 கிரெயின். 192-ஆல் வகுத்தால் ஒரு சாகா நாலேமூன்றில் ஒரு கிரெயின், சுமார் 0.28 கிராம், மாயம் 3.37 கிராம். கிளந்தானில் நகைக்கு மாயம் இன்றும் வழக்கில் இருக்கிறது. விதை எடைக்கல்லின் கோளாறு எல்லாருக்கும் தெரிந்ததே: ஒரு விதை மற்றொன்றைப் போலிருக்காது, ஈரம் ஏறும், பழகப் பழகத் தேயும். தனி விதையை நம்பாமல், நாணயத்தோடு ஒப்பிட்ட பெரிய கல்லை வைத்துக் கீழே வகுத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் அதுவே.

சொல் ஒன்றாக இருந்து அளவு மாறினால் இன்னும் மோசம். சமஸ்கிருத வழியில் நமக்கு வந்த இலட்சம் நூறாயிரம். பழைய மலாயில் லக்ச என்றால் பத்தாயிரம். நம் கோடியின் உறவான கெத்தி அங்கே நூறாயிரமாகச் சுருங்கிவிட்டது. இன்று புழங்கும் ஜுத்தா பத்து இலட்சம். மலாய் அறிக்கையைத் தமிழாக்கும்போது ஜுத்தாவைக் கோடி என்று எழுதிவிட்டால் தொகை பத்து மடங்கு ஊதிவிடும். மலேசியத் தமிழ் நாளேடுகள் மில்லியன் என்றே எழுதுவதில் நியாயம் இருக்கிறது. வடக்கே பினாங்கு, கெடா மலாய்க்காரர் பத்துக் காசைக் குப்பாங் என்பார்கள். ஐம்பது காசு லீமா குப்பாங். நம் இருமாவின் மலாய்ப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கில் பிழை இன்னும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இராகு காலம் என்பது பகற்பொழுதில் எட்டில் ஒன்று, மூன்றேமுக்கால் நாழிகை. திங்கட்கிழமை இரண்டாம் பங்கு. தமிழ்நாட்டு நாட்காட்டி ஏழரை முதல் ஒன்பது என்று அச்சிடும்போது, சூரியன் ஆறுக்கு எழுந்து ஆறுக்கு மறைவதாக எடுத்துக்கொள்கிறது. சென்னைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அங்கே கடிகாரம் சூரியனைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடமே முந்தும். பினாங்கு கிழக்கு நெட்டாங்கு 100 பாகையைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. மலேசியக் கடிகாரமோ 1982 சனவரி 1 முதல் 120 பாகைக்குரிய நேரத்தில் ஓடுகிறது. ஆகவே இங்கே கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி 19 நிமிடம் முந்தும். திங்கட்கிழமை இராகு காலம் சுமார் 8:49 முதல் 10:19 வரை. அச்சிட்டதை நம்பி ஏழரைக்கு முன்னால் பால் காய்ச்ச ஓடுகிறவர்கள், நம்பிக்கையின் கணக்குப்படியே பார்த்தாலும், தேவையில்லாமலே ஓடியிருக்கிறார்கள். ஒன்பதேகாலுக்கு நிம்மதியாகத் தொடங்குகிறவர்கள் அதற்குள்ளேதான் தொடங்குகிறார்கள். துல்லியம் வேண்டுமானால் அன்றைய உதயமும் மறைவும் உள்ளூருக்குப் பார்த்து எட்டால் வகுக்கவேண்டும்.

சீட்டை இங்கே கூட்டு என்பார்கள், மலாயில் குத்து. அதைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்த 1971 சட்டத்தின் பெயரிலேயே ‘குத்து’ இருக்கிறது. ஏலக் கூட்டின் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர், மாதம் 200 வெள்ளி. முதல் மாதம் தலைவருக்கு, கழிவில்லை. இரண்டாம் மாதம் ஒருவர் 30 வெள்ளி கழிவு சொல்லி எடுக்கிறார். ஏற்கெனவே எடுத்த தலைவர் முழு 200 கொடுப்பார். எடுக்காத எட்டுப் பேர் ஆளுக்கு 170. கைக்கு வருவது 1,560. இவர் முன்பு கொடுத்தது 200, இனி எட்டு மாதம் 200 வீதம் கொடுப்பது 1,600, மொத்தம் 1,800. கூடுதல் 240, நூற்றுக்குப் பதினைந்துக்கும் சற்று மேல், பத்து மாதத்துக்குப் பரவாயில்லை என்று மனம் சொல்லும்.

அங்கேதான் தவறு. 1,560 முழுதும் பத்து மாதம் அவர் கையில் இருக்கவில்லை. மாதாமாதம் 200 திரும்பிப் போகிறது. முதல் 200 அவருடைய சொந்தப் பணம். ஒவ்வொரு தவணையையும் அதனதன் மாதத்துக்குத் தள்ளிக் கணக்கிட்டால் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 3.9 வரும். நகரத்தாரின் ஒன்றேகாலைவிட மும்மடங்கு. நின்ற முதலுக்கு மட்டும் வட்டி போடப் பழகிய கணக்கப்பிள்ளைக்கு இது உடனே உறைத்திருக்கும். அவசரத்துக்குப் பணம் வேண்டியவருக்கு உறைத்தாலும் எடுத்துத்தான் ஆகவேண்டும், அது வேறு விஷயம்.

வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுற்றும் கர்ணப் பாட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நீளத்தை எட்டாக வெட்டி ஒரு பங்கைத் தள்ளு. உயரத்தில் பாதியைச் சேர். செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கமான கர்ணம் வரும் என்பது விதி. நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. 12-க்கும் 5-க்கும் பத்தரையும் இரண்டரையும் 13. வர்க்கமூலமே வேண்டாம், பைதகோரஸ் தோற்றார் என்று பகிர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் இயற்கணிதம் போட்டால் உண்மை தெரியும்: உயரம், நீளத்தில் முக்கால் பங்காகவோ பன்னிரண்டில் ஐந்து பங்காகவோ இருக்கும்போது மட்டுமே இந்த விதி துல்லியம். வேறு எந்தச் சரிவிலும் அது சரியான விடை தராது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில், உதாரணமாக 10 அடிக்கு 6 அடி உயரத்தில், உண்மையைவிட ஓர் அங்குலம் கூடுதலாகச் சொல்லும். கைமரத்தின் நுனியை அறுத்துவிட்டால் தீர்ந்தது. வெளியே போனால் குறையும். பத்துக்குப் பத்தில் நாலே முக்கால் அங்குலம் குறைவு. 10 அடிக்கு 1 அடி உயரமுள்ள தட்டைக் கூரையில் 9¼ அடி என்று சொல்லும். அடிப்பக்கத்தைவிடக் குட்டையான கர்ணம்! மழைநீர் வழியச் சாய்ந்த ஓட்டுக்கூரை போடுகிறவருக்கு இது நல்ல கருவி. அதைத் தேற்றம் என்று சொல்வதில்தான் வம்பு.

ஊர் மாறினாலும் மாறாத கணக்கும் உண்டு, அது வாசலில் கிடக்கிறது. சிக்குக்கோலத்தில் புள்ளிகளை நேர்வரிசையில் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, இடையில் எல்லா இடத்திலும் இழைகள் குறுக்கே வெட்டிப் போகும்படி போட்டால், மொத்தம் எத்தனை இழை வரும்? வரிசைக்கும் நிரலுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை. 3-க்கு 4 என்றால் ஒன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு. 3-க்கு 3 என்றால் மூன்று. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளியிட்டு வரையும் சோனாவுக்கும் இதே விதி. மொசாம்பிக்கைச் சேர்ந்த பவுலுஸ் கெர்டஸ் அதை விரிவாக ஆராய்ந்தார்.

வரிசைகளின் இடைவெளியில் வைக்கும் ஊடுபுள்ளிக்கு வேறு எண்ணிக்கை. நடுவரிசையில் 15 வைத்து இருபுறமும் 8 வரை இறங்கினால் மொத்தம் 169. தீபாவளிக்குப் பேரங்காடிக் கூடங்களில் கலர் அரிசியில் போடுகிறவர்கள் இதை முதலில் எண்ணிக்கொள்வது நல்லது. ஒரு புள்ளிக்கு இவ்வளவு அரிசி என்று கணக்கிட்டால் நடுவில் நிறம் தீராது.

3-க்கு 3 என்ற நேர்ப்புள்ளிச் சதுரக் கோலம்தான் வேண்டும், இழையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றால் குறுக்குகளைத் திருத்தவேண்டும். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டும் இடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எப்பக்கம் வளைத்தாலும் சரி. ஒரே இழை தன்னையே வெட்டும் இடத்தில் கை வைத்தால் ஆபத்து: ஒருபக்கம் வளைத்தால் ஒன்றாகவே இருக்கும், மறுபக்கம் வளைத்தால் இரண்டாக உடையும். ஆகவே முதலில் சாக்கட்டியால் மூன்று இழையையும் மூன்று நிறத்தில் மெல்லிதாக ஓட்டிப் பார்க்கவேண்டும். நிறம் மாறி வெட்டும் ஒரு குறுக்கைத் திருத்தினால் மூன்று இரண்டாகும். அங்கே நின்று, புதிய இழைக்கு ஒரே நிறம் கொடுத்து மறுபடி ஓட்டி, மிஞ்சிய இழையோடு அது வெட்டும் இடத்தில் இரண்டாவது திருத்தம். அதற்குப் பிறகுதான் அரிசியைக் கொட்டவேண்டும். கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் மாவில் போட்டதென்றால் தவறை விரலால் துடைத்துவிடலாம். கலர் அரிசி ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.